பூவுக்குள் ஒளிந்த பாண்டிச்சேரி

பாண்டிச்சேரி நம்பர் கார் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. பாண்டிச்சேரியில் குடியிருப்பவர்கள் ஒரு வகை. தங்களைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு வகை. நான் குடியிருந்தது படூரில்.

அங்கே சாலை வரி குறைவு என்று யாரோ சொல்லப்போக, பாண்டியிலிருக்கும் நண்பனின் முகவரியில் காரைப் பதிவு செய்திருந்தேன். (முகவரி அவனுடையது, மூளை என்னுடையது என்று பெருமை வேறு.) வெளி மாநில வண்டியை இங்கேயே வைத்து ஓட்டினால் இங்கே வரி கட்டி நம்பரையும் மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாமலில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். சாலையில் பிரேக் இன்ஸ்பெக்டரைக் கண்டால் ஏதாவது டீக்கடையில் ஒதுங்கி, வேண்டாத டீயைக் குடிப்பேன்.

இந்த லட்சணத்தில் என் தங்கை தேவிக்குக் கல்யாணம் வந்தது. மண்டபம் செங்கல்பட்டில். மாப்பிள்ளை பிரபுவுக்கு அச்சரப்பாக்கம். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. தேவி எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தாள்.

"ண்ணா, ஆறு மணிக்குள்ள அவர இட்டாந்து வாசல்ல வுட்டுடு. அதோட நல்ல நேரம் முடியுது. அவங்க வூட்ல அதெல்லாம் ரொம்ப பாப்பாங்க. நீ சொதப்பினா காலம்பூரா நான்தான் பேச்சு கேக்கணும்."

"என்கிட்ட சொல்லிட்ட இல்ல, வுடு" என்றேன்.

ஜி.எஸ்.டி. சாலையில் சோதனை இருக்குமே என்ற பயம் எனக்கு. அச்சரப்பாக்கத்தில் காருக்குப் பூ ஜோடித்தவரின் காதருகே போய், "அண்ணாத்த, முன்னாடி பின்னாடி ரெண்டு நம்பரும் தெரியாத மாதிரி அடர்த்தியா சுத்து" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சுற்றினார். என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

முன் இருக்கையில் பிரபு. பின்னால் அவனுடைய சித்தப்பாவும் சித்தியும். சித்தப்பா நெல் வியாபாரி, விசாரிப்பதில் மன்னர். அவர் கேட்கக் கேட்க நான் அளந்தேன். படூரில் சொந்த பிளாட், ஏழாவது மாடி, அஞ்சு வருஷமா அங்கேதான், பால்கனியில் நின்றால் கடல் தெரியும். (தண்ணீர்த் தொட்டி மறைக்காத பக்கமாக எட்டிப் பார்த்தால்.)

கருங்குழி தாண்டியதும் பிரேக் இன்ஸ்பெக்டர் கை காட்டினார். இந்த முறை டீக்கடைக்கு வழியில்லை.

"எல்லா வண்டிக்கும் நம்பர் இருக்கு. உங்க வண்டிக்கு மட்டும் பூ இருக்கே" என்றபடி சாமந்தியை விலக்கினார். பாண்டிச்சேரி எட்டிப் பார்த்தது.

"சார் எங்க குடியிருக்கீங்க?"

"பாண்டிதான் சார். பீச் பக்கம். கல்யாணத்துக்கு வந்தோம்."

பின் கண்ணாடி மெல்ல இறங்கியது. "இன்னா தம்பி, இவ்ளோ நேரம் படூர்னு சொல்லிகினு வந்த?" என்றார் சித்தப்பா. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, பாவம். நிஜமாகவே கலங்கிப் போயிருந்தார். "பொண்ணு எடுக்கறோம், எந்த ஊருன்னு தெரிய வேணாமா?"

"படூர்ல இருக்கறது லீவுக்கு" என்று உளறினேன்.

"அஞ்சு வருசமா லீவா?" என்றார் அவர்.

இன்ஸ்பெக்டருக்கு அதற்கு மேல் கேள்வியே இல்லை. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, வரி கட்டியபின் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஆறு மணிக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. முகூர்த்த சீசன், ஒரு டாக்சியும் கிடைக்கவில்லை. தேவி போன் செய்தாள்.

"எங்க ண்ணா கீறீங்க?"

"வந்துகினே கீறோம்மா" என்றேன், ஆணி அடித்த மாதிரி நின்றுகொண்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் செங்கல்பட்டுக்குத் தர்பூசணி ஏற்றிக்கொண்டு ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்தது. அதை மறித்துக் கெஞ்சினேன். டிரைவர் பக்கத்தில் சித்தி. பின்னால் தர்பூசணி மேல் கோட்டு சூட்டோடு மாப்பிள்ளை, சித்தப்பா, நான். சரக்கு வண்டியில் ஆளை ஏற்றுவது இன்னொரு குற்றம். இன்ஸ்பெக்டர் அந்த நேரம் பார்த்து வேறொரு லாரியின் டயரை ரொம்ப நேரம் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

கல்யாண வண்டியாகத் தெரியட்டும் என்று என் காரின் மாலையைக் கழற்றிக் குட்டி யானைக்குக் கட்டப் போனேன். அதுவரை வாயே திறக்காத பிரபு மேலிருந்து குனிந்து, "மச்சான், நம்பர் தெரியற மாதிரி கட்டு" என்றான்.

ஆறடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது மண்டப வாசலில் போய் நின்றோம். ஆரத்தித் தட்டோடு இருந்த பெண்கள் எங்களைத் தாண்டி காரைத் தேடினார்கள். நாதஸ்வரக்காரருக்கு மூச்சு நின்று திரும்ப வந்தது. மாடி ஜன்னலில் தேவி. அழப் போகிறாள் என்று நினைத்தேன். போட்ட மேக்கப் கலைகிற மாதிரி விழுந்து விழுந்து சிரித்தாள். சித்தப்பா ஒரு தர்பூசணியை விலை பேசி இறக்கிக்கொண்டார்.

மறுவாரமே வரி கட்டி நம்பரை மாற்றினேன். ஆனால் பிரபு சொன்னது எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. யார் புளுகினாலும் "நம்பர் தெரியுது" என்பார்கள்.

போன வாரம்கூட மனைவியிடம் ஆபீசில் மீட்டிங் என்று போனில் சொன்னேன். நண்பர்களோடு மாமல்லபுரம் கடற்கரையில் மீன் வறுவலுக்குக் காத்திருந்தேன்.  சொல்லி முடிக்கும்போதே பக்கத்தில் அலை ஒன்று வந்து சத்தமாக விழுந்தது.

"நம்பர் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.