கடல் கடந்தும் இல்லாத கணினிச்சாலை

ஆழிமங்கலம் என்றொரு நாடு இருந்தது. அங்கே மழை பெய்தால் அரசாணைப்படி பெய்தது என்றும், பெய்யாவிட்டால் ஆணை பரிசீலனையில் உள்ளது என்றும் ஏட்டில் எழுதுவார்கள். அதன் தலைநகரில் அரசர் பெயரால் ஒரு கணினிச்சாலை. அதில் இரண்டாம் ஆண்டு படித்தவள் நப்பின்னை. உப்பளத் தொழிலாளியின் மகள். வீட்டில் கணினி கிடையாது. படிக்கிற இடத்தில் தொட்டுப் பழகினால்தான் உண்டு.

ஒருநாள் கல்வி அமைச்சர் வாகைவேலர் ஓர் ஆணை பிறப்பித்தார். மாணவர்கள் பாடங்களைப் பற்றியும் வசதிகளைப் பற்றியும் பருவந்தோறும் அஞ்சாமல் கருத்து எழுதலாம். நப்பின்னை அஞ்சாமல் எழுதினாள்: "அறுபது பேருக்கு ஒன்பது கணினிகள். அவற்றில் மூன்று இயங்கவில்லை."

பத்தே நாளில் ஆட்கள் வந்து, இயங்காத மூன்றையும் தூக்கிக்கொண்டு போனார்கள். "இனி இச்சாலையில் இயங்காத கணினி ஒன்றுகூட இல்லை" என்று அமைச்சர் அறிவித்தார். அரசவை மேசையைத் தட்டியது.

அடுத்த பருவத்தில், கூடம் புழுங்குகிறது, மின்விசிறி சுற்றவில்லை என்று எழுதினாள். அமைச்சரே நேரில் வந்தார். கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"இவ்வெப்பத்தின் தோற்றுவாய் யாது?"

"கூட்டம்தான், பெருந்தகையே" என்றார் செயலர்.

"ஆயின் கூட்டத்தைக் குறைப்போம்."

அன்றுமுதல் ஒரு வேளைக்கு ஆறு பேருக்குத்தான் அனுமதி. மற்றவர்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, கணினிக்கான நிரல்களைத் தாளில் எழுதினார்கள். அவை ஓடுமா ஓடாதா என்று ஆசிரியர் தாளை உற்றுப் பார்த்துச் சொன்னார்.

பாடத்தைப் பற்றி எழுதியதுதான் பெரிய வினையாயிற்று. உலகமே கைவிட்ட ஒரு கணினிமொழியை இரண்டு ஆண்டுகளாகக் கற்பிக்கிறார்கள் என்று அவள் எழுத, "தொன்மையைப் பழிப்பதா" என்று வெகுண்ட அமைச்சர் அதை மூன்றாம் ஆண்டுக்கும் நீட்டினார்.

அன்று மாலை மரத்தடியில் தோழி பரிமளவல்லி தாளை மடித்து வைத்தாள்.

"நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா ஒம்பது மிஷினாவது இருந்திருக்கும்டி."

"அதுல மூணு ஓடாது."

"ஓடாததாவது இருந்துச்சே. தொட்டுப் பாத்துட்டாவது போயிருப்போம்."

நப்பின்னைக்குச் சுருக்கென்றது. அவள் எழுதியதில் பொய்யே இல்லை. ஆனால் ஒவ்வொரு உண்மையும் கையிலிருந்த ஏதோ ஒன்றைப் பறித்துக்கொண்டு போயிருந்தது.

அந்த வாரம்தான் செய்தி வந்தது. இளவரசர் கணினி கற்கக் கடல் கடந்து போகிறாராம், கப்பல்கூடத் தயாராம். அமைச்சரின் மகன்கள் இருவரும் ஏற்கெனவே அங்கேதான் படித்தார்கள். நப்பின்னை வகுப்பில் எல்லோரையும் கூப்பிட்டாள்.

"நாளைக்குக் கருத்துத்தாள் வருது. அறுபது பேரும் நான் சொல்றத அப்படியே எழுதுவீங்களா?"

அவள் சொன்னதைக் கேட்டுப் பரிமளவல்லிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

தாள்கள் அவைக்குப் போயின. புகழுரை நிறைந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அரசரே வாங்கி வாசித்தார். அறுபதிலும் ஒரே வாசகம்: 'இதைப் போன்ற கல்விச்சாலை கடல் கடந்தும் இல்லை.'

"வாகைவேலரே, இது மெய்தானா?"

"எள்ளளவும் ஐயமில்லை, அரசே. அனைத்தும் தங்கள் நல்லாட்சியின் விளைவு."

"பிறகு என் மகன் ஏன் கப்பல் ஏறவேண்டும்?"

மேசை தட்ட ஓங்கிய கைகள் அந்தரத்தில் நின்றன. பொய் என்றால் பதவி போகும். மெய் என்றால் இளவரசர் இச்சாலைக்கே படிக்க வருவார். அமைச்சர் கைகூப்பினார்.

"எங்கள் பாக்கியம், அரசே."

இரண்டே வாரத்தில் அறுபத்தொரு புதிய கணினிகள் வந்திறங்கின. கூடம் குளிர்ந்தது. பழைய கணினிமொழி ஓசையில்லாமல் ஓய்வு பெற்றது. இளவரசர் சாதுவான பிள்ளை. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு, புரியாததையெல்லாம் பரிமளவல்லியிடம் கேட்டார்.

நப்பின்னை தனக்கே தனக்கென்று இருந்த கணினியின் முன் அமர்ந்து, தாளில் முழு மதிப்பெண் வாங்கிய தன் நிரலை அடித்து ஓட்டினாள். பதினான்கு இடங்களில் பிழை காட்டியது. ஒவ்வொன்றாகத் திருத்தி முடிக்க மாலையாகிவிட்டது. அவ்வளவு நிறைவான நாள் அவளுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

விஷயம் மெல்ல ஊருக்குள் பரவியது. மறுமாதம் அரசு மருத்துவமனையில் கருத்துத்தாள் கொடுத்தார்கள். கட்டில் கிடைக்காமல் நடையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து, அந்த மருத்துவமனையைப் போல் ஈரேழு உலகத்திலும் இல்லை என்று நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

அரசருக்கு அப்போது மூட்டுவலி கண்டிருந்தது; மருத்துவத்துக்குக் கடல் கடந்து போகக் கப்பல்கூடத் தயாராக இருந்தது.