அரைக்குள் எத்தனை முக்கால்?

புரிய வைப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேள்வியைக் கேட்பார்கள், பதிலுக்காகக் கண் சிமிட்டும் நேரம் காத்திருப்பார்கள், பிறகு பதிலையும் தாங்களே சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா?" என்பார்கள். "புரிஞ்சுது சார்" என்று வகுப்பு ராகம் போடும். இரு தரப்புக்கும் நிம்மதி.

கேமரன் மலையில், ரிங்லெட் என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் இந்த இனத்தின் அசல் பிரதி ஒருவர் இருக்கிறார்: காளியப்பன் சார், ஆறாம் ஆண்டுக் கணித ஆசிரியர். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க இருபத்திரண்டு வருஷமாக அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "ரெண்டாவதைக் கவுத்துப் போட்டுப் பெருக்கு." ஏன் கவிழ்க்க வேண்டும்? யார் கேட்டார்கள்?

பிறகு ஈப்போ நகரத்தில் இரண்டு நாள் கோர்ஸுக்குப் போனார், நாலு வேளை டீயோடு கரிபாப் சாப்பிட்டார், 'ஆழமான புரிதல்' என்ற சொல்லோடும் ஒரு சான்றிதழோடும் மலையேறினார். எட்டு வருஷமாகக் காத்திருந்த பதவி உயர்வுக்காக, வியாழக்கிழமை அதிகாரி வந்து பாடம் பார்ப்பார் என்று கடிதமும் வந்து சேர்ந்தது. சார் சும்மா இருப்பாரா? புரிதலையே மனப்பாடம் செய்ய வைத்தார். "அரையால் வகுப்பது என்றால், அதற்குள் எத்தனை அரை இருக்கிறது என்று பார்ப்பது." பதினோரு பிள்ளைகளும் மூன்று நாள் அதைத் தேவாரம் மாதிரி ஓதினார்கள். பூவிழி என்ற பெண் மட்டும் நடுவில் கை தூக்கினாள்.

"சார், அரையை முக்காலால வகுத்தா? முக்கா பெருசாச்சே, அரைக்குள்ள எப்படி இருக்கும்?"

"வியாழக்கிழமை முடியட்டும்மா."

வியாழக்கிழமை அதிகாரி ஷஃபிகா வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மூன்றை அரையால் வகுத்தால் ஆறு. ஏன்? பதினோரு வாயும் ஒரே மூச்சில் ஒப்பித்தன. அதிகாரி முகம் மலர்ந்து எழுதினார். அந்தப் பெருமையில் சார் வாயைக் கொடுத்தார்: "யாருக்காச்சும் சந்தேகம் இருக்கா?"

பூவிழி எழுந்தாள். அதே கேள்வி.

"நல்ல கேள்வி லா," என்றார் ஷஃபிகா, மலாய் வாடைத் தமிழில். "சொல்லுங்க சார், நானும் தெரிஞ்சுக்கிறேன்."

சார் பலகைப் பக்கம் திரும்பினார், கவிழ்த்தார், பெருக்கினார். மூன்றில் இரண்டு.

"விடை தெரியும் சார். ஏன்னுதான் கேட்டேன்."

சாருக்கு வியர்த்தது, அந்தக் குளிரிலும். பழக்கதோஷத்தில், "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது சார்" என்று பத்துப் பேர் பாடினார்கள்.

"இல்ல சார்," என்றாள் பூவிழி.

இருபத்திரண்டு வருஷத்தில் அப்படிச் சொன்ன முதல் பிள்ளை. ஏதாவது அளந்துவிட்டால் பதவி கைக்கு வந்துவிடும். அளக்கத்தான் அவருக்கு வராதா? ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எனக்கும் புரியலம்மா," என்றார்.

அந்த வருஷமும் பதவி உயர்வு மலையேறவில்லை.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நாம் வாத்தியார் இல்லையே, தப்பித்தோம் என்கிறீர்கள். அது சரி, 'மூன்றில் இரண்டு' என்று படித்ததும் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனீர்களே, ஏன் என்று ஒரு நிமிஷம் நின்றீர்களா? இதை எழுதிய ஆளைக் கேட்காதீர்கள். மூன்று தடவை திருத்தி எழுதியும் அவர் நிற்கவில்லை. விடை சரிதானா என்று கவிழ்த்துப் பெருக்கித்தான் பார்த்துக்கொண்டார்.