மல்லாட்டை எண்ணெயும் என் தலையும்

வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்ததும் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் கட்டைவிரல் பொம்மையை அனுப்பிவிடுகிறவர்கள் என்று ஒரு தனி இனம் இருக்கிறது. நான் அந்த இனத்தில் முன்வரிசைக்காரனாக இருந்தவன். (இப்போது திருந்திவிட்டேன். குட்மார்னிங் ரோஜாப்பூ வந்தால்கூடப் பெரிதாக்கி நான்கு மூலையும் பார்த்த பிறகுதான் பதில் அனுப்புகிறேன்.)

திண்டிவனத்தில் எங்களுக்கு ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை இருக்கிறது. மல்லாட்டை (மற்ற ஊர்க்காரர்களுக்கு வேர்க்கடலை), எள், தேங்காய் மூன்றையும் ஆட்டி விற்கிறோம். செக்கைப் பார்த்துக்கொள்வது என் மனைவி மல்லிகாவின் தம்பி குமரன். வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்வது மல்லிகா. வியாபாரத்தின் எதிர்காலத்தைப் பார்த்துக்கொள்வது நான். அதாவது, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்ப்பேன்.

மல்லிகா எனக்கு அத்தை மகள். அதனால் எனக்கும் குமரனுக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை, சிரித்தால் ஒரே மாதிரி இடது பக்கம் கோணும் வாய். வித்தியாசம் எல்லாம் நெற்றிக்கு மேலேதான். என் தலையிலிருந்து முடி முப்பது வயதிலேயே விடைபெற்றுக்கொண்டது. குமரன் தலையில் சீப்பு உள்ளே போனால் வெளியே வர வழி கேட்க வேண்டும். அப்போது அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். விழுப்புரத்தில் ஒரு வரன் கிட்டத்தட்ட முடிகிற நிலையில் இருந்தது.

அந்தச் சமயத்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதிதாக எண்ணெய்க் கடைகள் முளைத்து எங்கள் வியாபாரம் படுத்தது. "ரோட்டு மேல நல்லதா ஒரு போர்டு வெப்போங்க" என்றாள் மல்லிகா.

"உலகமே போன்ல இருக்குது. நீ இன்னும் போர்டு போர்டுன்னுகினு இருக்க" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாதபோதெல்லாம் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

போனில் விளம்பரம் போட்டுத் தரும் ஏஜென்சி ஒன்று விழுப்புரத்தில் ஒரு மாடியில் இருந்தது; அங்கே போனேன். கண்ணாடிக் கதவு, உடம்பைச் சிலிர்க்க வைக்கும் ஏசி. பிரவீன் என்ற இளைஞர்தான் பேசினார். இன்று நினைத்தால், அவர் கேட்ட கேள்விகள் எல்லாமே நியாயமானவை. பதில்கள்தான் என்னுடையவை.

"உங்க கஸ்டமர் யாரு சார்?"

"எல்லாரும்தான்."

"எல்லாருக்கும் காட்டுனா யாருமே நின்னு பாக்க மாட்டாங்க சார். வயசு, ஊரு, எதுல இன்ட்ரஸ்ட், இதெல்லாம் நீங்க சொன்னாதான் கரெக்டா போய்ச் சேரும்."

"அதெல்லாம் நீங்களே பாத்துக்குங்க."

"உங்க எண்ணெய்ல இன்னா சார் ஸ்பெஷல்?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன்போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஒரு மாசம் யூஸ் பண்ணிப் பாருங்க. மாற்றம் உங்களுக்கே தெரியும்." நான் சொன்னது வயிற்றைப் பற்றி. பிரவீன் அந்த வாக்கியத்தை மட்டும் அப்படியே எழுதிக்கொண்டார்.

விளம்பரத்துக்கான பேஜை யார் பெயரில் தொடங்குவது, டிசைன் வந்தால் யார் சரிபார்ப்பது என்றும் கேட்டார். அதற்கும் "நீங்களே பாத்துக்குங்க"தான். முதலாளிகளின் போட்டோ இருந்தால் நம்பிக்கை வரும் என்றார். ஊருக்கு வந்ததும் கடைச் சுவரில் சாய்ந்து நான் ஒன்று, குமரன் ஒன்று எடுத்து, யார் எவர் என்று ஒரு வார்த்தை எழுதாமல் அனுப்பிவைத்தேன்.

டிசைன் வந்தபோது நான் விழுப்புரம் பக்கம் காணையில் ஒரு காதுகுத்து விருந்தில், இலைக்கு முன்னால் இருந்தேன். வலது கையில் சாம்பார். இடது கையால் கட்டைவிரலை அனுப்பினேன்.

"இன்னா போட்டிருக்காங்கன்னு பாத்தீங்களா?" என்று பக்கத்து இலையிலிருந்து மல்லிகா கேட்டாள்.

"பெரிய ஆளுங்க. அவங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுப் பாயசத்துக்கு இலையில் இடம் ஒதுக்கினேன்.

மறுநாளே போன் அடிக்கத் தொடங்கியது. நான் மல்லிகாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

"தடவுறதுக்கு எண்ணெய் வேணுங்க" என்றது ஒரு குரல்.

தோசைக்கல்லைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "நம்ம எண்ணெய நெறைய தடவ வேணாங்க. லேசா ஒரு சுத்து போதும்."

"எப்ப தெரியும்ங்க?"

"உடனேங்க. ஓரமெல்லாம் சும்மா மொறுமொறுன்னு எழும்பி வரும்."

"எரிச்சல் ஒண்ணும் இருக்காதுல்ல?"

"சூடு அதிகமா ஏத்தாதீங்க, அவ்ளோதான்" என்றேன்.

இப்படி எத்தனை பேருக்கு ஆலோசனை வழங்கினேனோ, அவர்கள் எல்லாம் வீட்டில் என்ன செய்தார்களோ, தெரியாது. தெரிந்துகொள்ளும் தைரியமும் இல்லை.

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் ஆண்கள். பாதிப் பேர் தலையில் தொப்பி. ஒருவர் அந்த வெயிலில் மப்ளர் சுற்றியிருந்தார். வந்தவர்கள் எண்ணெயைப் பார்க்கவில்லை. என் தலையைப் பார்த்தார்கள். பிறகு பின்னால் செக்கருகே நின்ற குமரனின் தலையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மல்லிகா ஒருவரின் போனை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். இடது பக்கம் என் படம். கீழே "முன்பு". வலது பக்கம் குமரன் படம். கீழே "பின்பு". அதே சுவர், அதே மூக்கு, அதே கோணல் சிரிப்பு. நடுவில் எங்கள் எண்ணெய் பாட்டில். மேலே கொட்டை எழுத்தில்: "ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள். மாற்றம் உங்களுக்கே தெரியும்."

வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே எல்லாரிடமும் உண்மையைச் சொல்லியிருப்பார்கள். நான் எண்ணெய் டின்களுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். மல்லிகாதான் ஒவ்வொருவரிடமும், "தப்பா போட்டுட்டாங்கண்ணா, இது சமையலுக்கு" என்று சொல்லி அனுப்பினாள். சிலர் சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். ஒருவர், "உன் புருஷன் தலைதான்மா எங்களுக்கு ஆதாரம்" என்று சண்டைக்கே வந்தார்.

கடைசியாக ஒரு பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். வல்லத்துப் பக்கம் ஒரு கிராமமாம், பஸ் மாறி வந்திருக்கிறார்கள். முப்பதைத் தொடாத வயது. பையன் வாசலிலேயே நின்றுகொண்டான். அம்மாதான் பேசினார்.

"பொண்ணு பாத்துகினே இருக்கோம்மா. நிலம் இருக்குது, வேலைக்கும் போறான். வர்றவங்க தலைய பாத்துட்டு, சொல்லி அனுப்புறோம்னு போயிட்றாங்க. இவன் இப்ப எங்கயும் வர மாட்டேங்கிறான். இத போன்ல பாத்துட்டு அவனாவே கெளம்புனான், பாத்துக்க."

மல்லிகாவுக்கு அதற்கு மேல் முடியவில்லை. "வெளிய வாங்க" என்றாள் டின்களைப் பார்த்து. "இவங்களுக்கு நீங்களே சொல்லுங்க."

எழுந்து வந்தேன். அந்த அம்மா போனைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"நீ இன்னும் தேய்க்க ஆரம்பிக்கலயாப்பா?"

அந்தக் கேள்வியில் கேலியே இல்லை. அதுதான் என்னை உடைத்தது. காதுகுத்து, சாம்பார், கட்டைவிரல் எல்லாவற்றையும் சொன்னேன். பையன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். முடித்ததும் மறுபடி மாட்டிக்கொண்டான்.

"பரவால்லண்ணா" என்றான். "பஸ்ல வர்றப்பவே பாதி நம்பிக்கை போயிடுச்சு. ஆனா உங்க மூஞ்சிய பாத்தா பொய் சொல்ற மாதிரி தெரியல. அதான் வந்தேன்."

"வந்தது வந்துட்டோம், தாளிக்கக் குடும்மா" என்று அவன் அம்மா மல்லாட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டு கிளம்பினார். இருவரும் திட்டிவிட்டுப் போயிருந்தால் அன்று எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

உடனே பிரவீனுக்குப் போன் போட்டேன். "சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன். ரீச் செமயா போவுது" என்றார். விஷயத்தைச் சொன்னதும் பாவமாக, "டிசைன் பண்ண பையன் ரெண்டும் ஒரே ஆளுன்னு நெனச்சிட்டான் சார். உங்களுக்கு அனுப்புனோமே. ஓகேன்னு போட்டீங்களே" என்றார். அவர் விளம்பரத்தை நிறுத்தினார். ஆனால் பேஜ் அந்த டிசைனரின் பெயரில் இருந்தது. அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டுப் போயிருந்தான், போனையும் எடுக்கவில்லை. படம் பேஜிலேயே நின்றது. அதற்குள் அது குடும்ப குரூப்புகளில் எல்லாம் ஏறிவிட்டது.

அப்படி ஏறிய குரூப்புகளில் ஒன்று விழுப்புரத்துப் பெண் வீட்டாருடையது.

பெண்ணின் அப்பா மல்லிகாவைத்தான் கூப்பிட்டார். மிகுந்த மரியாதையோடுதான் பேசினார். "தப்பா நெனைக்காதம்மா. மாப்பிள்ளைக்கு அது சொந்த முடிதானா? எண்ணெய நிறுத்துனா கொட்டிடுமோன்னு வீட்டு லேடீஸ் பயப்படுறாங்க." மல்லிகா எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். குமரனின் பள்ளிக்கூடத்துப் படங்களைக்கூட அனுப்பினாள். சந்தேகம் வந்த வீட்டில் படத்தை யார் நம்புவார்கள்? படம்தானே பிரச்சினையே. வரன் கைவிட்டுப் போனது.

அந்தப் பெண்ணைக் குமரனுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அவன் சண்டை போடவில்லை. "மாமா" என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டான். ஒரே கடையில், ஒரே செக்குச் சத்தத்தில், பல மாதங்கள் என்னோடு பேசாமல் வேலை பார்த்தான். டீ வந்தால் என் டம்ளரை மட்டும் தள்ளி வைப்பான். மன்னிப்பு கேட்க நான் போகும்போதெல்லாம் மோட்டாரைப் போட்டுவிடுவான். கடைசியில் மல்லிகா ஆசைப்பட்ட போர்டை ரோட்டோரம் வைத்தோம். அதில் "சமையலுக்கு மட்டும்" என்ற வரி கடைப் பெயரைவிடப் பெரிதாக இருக்கும்.

மறு வருஷம் மயிலம் பக்கத்தில் குமரனுக்கு வேறு இடம் அமைந்தது. அங்கேயும் அந்தப் படம் போயிருந்தது. ஆனால் பெண்ணின் தாத்தா நேரடியான மனிதர். பெண் பார்க்கப் போன இடத்தில், காலில் விழுந்த குமரனை ஆசீர்வதிக்கிற சாக்கில் முடியைக் கொத்தாகப் பிடித்து ஓர் இழு இழுத்தார். குமரன் "ஆ" என்றான். "ஒரிஜினல்தான்" என்று உள்ளே பார்த்து அறிவித்தார் தாத்தா. கூடம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது குமரன் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "போதுமா மாமா?" என்றான். அத்தனை மாதங்களுக்குப் பிறகு கேட்ட "மாமா" அது. நான் தட்டிலிருந்த கேசரியைக் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்கள் சொந்தத்தில் குழந்தைகளுக்கு எங்கள் பெயரே தெரியாது. நான் முன்பு மாமா, அவன் பின்பு மாமா. எந்த விசேஷத்திலும் யாராவது ஒரு பெரியவர் குமரனின் முடியை இழுத்துப் பார்த்துத்தான் விபூதி பூசுவார்.

போன மாதம் அவன் மகளுக்கு மயிலம் கோயிலில் மொட்டை போட்டார்கள். குழந்தை அழுததால், அதைச் சமாதானப்படுத்த அவனும் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டான். சந்தனம் பூசிய தலையோடு என் பக்கத்தில் வந்து நின்றான். மல்லிகா எங்களைப் படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டாள். பெயர் எழுதவில்லை. "ஒரு மாதம் கழித்துப் பாருங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

நேற்றோடு ஒரு மாதம் ஆயிற்று. குமரனுக்குக் கருகருவென்று முளைத்துவிட்டது. காலையிலிருந்து குரூப்பில் ஆளாளுக்கு என் படத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.