காக்கா மிஸ் நகராமல் நின்ற மூலை

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து, மையில் கால் நனைத்த கோழி நடந்து போனது மாதிரி இருக்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். நாலு பேர் முன்னால் பேச வராது என்பதால்தான் எழுதுகிறேன். பிழைகளைத் திருத்திப் போட்டுக்கொள்ளவும்.

மயிலாப்பூரில் யாரையும் உச்சந்தலையை மட்டும் பார்த்தே அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒன்று காக்கை. இன்னொன்று எங்கள் காக்கா மிஸ்.

சின்ன வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தவர். எதைப் பார்த்தாலும், "இதை மேலேர்ந்து ஒரு காக்கா பாத்தா எப்படித் தெரியும்?" என்று கேட்பார். பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் வேனில் ஏறிய முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழுமலை, இந்த வேனை மேலேர்ந்து பாத்தா என்ன தெரியும்?"

"வேன் தான் மிஸ் தெரியும்."

"சக்கரம் தெரியுமோ?"

மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூட மொட்டை மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். சக்கரம் தெரியவில்லை. வேன் கூரை மேல் ஒற்றை ஷூவும் காய்ந்துபோன இட்லி ஒன்றும் தெரிந்தன. சாயங்காலம், "தெரியாது மிஸ்" என்றேன். "தேறிட்டேள்" என்றார். நான் தேறிய கடைசிப் பரீட்சை அதுதான்.

அவர் வகுப்பில் எந்த டிபன் பாக்ஸிலும் முழு இட்லி இருக்காது. குறுக்கே வெட்டினால் என்ன வடிவம், படுக்க வைத்து வெட்டினால் என்ன வடிவம் என்று பாடம் நடக்கும். பிள்ளைகள் வீட்டிலும் அதையே ஆரம்பித்தார்கள். "எம் பையன் தோசைக்கு எத்தனை மூலைன்னு கேக்குறான், திங்க மாட்டேங்கிறான்" என்று புகார்கள் வந்தன. ஒருநாள் அத்தனை பெஞ்சையும் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, "இப்போ உன் இடம் எது, கண்டுபிடி" என்று ஒவ்வொருவராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அந்த வரிசையில் தலைமை ஆசிரியையும் தெரியாமல் உள்ளே வந்துவிட்டார். குட்மார்னிங் சொன்னது மொத்தமும் பின்னந்தலைகள்.

"இன்னும் ஒரே ஒரு புகார் வரட்டும், நீங்க வகுப்புக்கே போக வேணாம்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். மிஸ் வேனில் ஏறி உட்கார்ந்தார். முதல் தடவையாக என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அதற்குள் மாட வீதிப் பயணம் வந்துவிட்டது. அனுமதி முன்பே வாங்கியிருந்தார். கோயிலையும் குளத்தையும் சுற்றி நான்கு தெரு, நான்கு மூலை. பிள்ளைகள் நடந்து பார்த்துவிட்டு வந்து, காக்கை கண்ணில் படுகிற மாதிரி வரைய வேண்டும். பூக்காரம்மா உட்காருகிற மூலையில் வேனை நிறுத்தினேன். நவராத்திரிக்கு முன் வாரம். பொம்மைக் கடைகளும் கூட்டமுமாகத் தெருவே தெரியவில்லை.

"தொலைஞ்சு போனா அழப்படாது" என்றார் மிஸ். "கோபுரத்தை சாப்பிடற கைப் பக்கமா வெச்சுண்டு நடங்கோ. மூலை வந்தா அதே பக்கம் திரும்புங்கோ. சுத்தி இங்கதான் வருவேள். நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

என் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "வலது, இடதுன்னா இதுகள் குழம்பும். எழுதற கைன்னா சிலதுக்கு மாறும். சாப்பிடற கை மட்டும் நம்ம ஊர்ல எல்லாருக்கும் ஒண்ணுதான்." அந்த யோசனையில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

வரிசை சுற்றி வந்து சேர்ந்தது. எண்ணினால் ஒரு தலை குறைந்தது. மூன்றாம் வகுப்பு யாழினி. வரிசைக்குக் காவலாகப் பின்னால் வந்த பள்ளிக்கூட ஆயாம்மா வாயில் அடித்துக்கொண்டார். "கடையாண்ட யானை பொம்மையப் பாத்துக்கினு இருந்துச்சு மிஸ்!"

மிஸ் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் நகரவில்லை. வரிசை வந்த தெருவைப் பார்த்தபடி நின்றார்.

"இன்னா டீச்சரும்மா!" என்று பூக்காரம்மா எழுந்துவிட்டார். "கொயந்தைய தொலச்சுட்டு கரண்டு கம்பமாட்டம் நின்னுகினு கீறே! ஓடிப் போய்த் தேடு!"

"நான் போனா அவ வந்து யாரைப் பாப்பா? தொலைஞ்சவ நடக்கலாம். காத்துண்டிருக்கறவ நகரப்படாது. ரெண்டு பேரும் சுத்தினா சுத்திண்டேதான் இருப்போம்."

யாரோ பள்ளிக்கூடத்துக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள். மிஸ்ஸின் போனில் தலைமை ஆசிரியையின் குரல் தெருவுக்கே கேட்டது. "அவ அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? உடனே கிளம்பித் தேடுங்க!" மிஸ் போனை இடுப்பில் செருகிக்கொண்டார். கூட்டம் கூடியது. ஆளுக்கு ஒரு வசவு.

"ஏழுமலை, நீங்க எதிர்ல போங்கோ. அந்தத் தெரு வழியாத்தான் வருவா."

ஓடினேன். ஒவ்வொரு சீருடையையும் பார்த்தேன். ஒவ்வொரு கடை மறைப்புக்குப் பின்னாலும் குனிந்தேன். "யாழினி" என்று கத்த வேண்டும். அத்தனை பேர் நடுவில் எனக்கு அது வராது. அடுத்த மூலை வரைக்கும் போய்விட்டேன். அவள் இல்லை. அந்த நேரத்தில் மனசு எதையெல்லாம் நினைத்தது என்று எழுத மாட்டேன்.

திரும்பி வந்தபோது கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. உள்ளே போக வழி தேடிக் கூட்டத்தைச் சுற்றி மறுபக்கம் போனேன். இதை மிஸ்ஸிடம் எப்படிச் சொல்வது என்று நின்றேன். யாரோ என் சட்டையை இழுத்தார்கள்.

"வேன் அங்கிள், இங்க என்ன ஆச்சு?"

"ஒரு பொண்ணு காணாம பூட்ச்சுமா" என்றேன், கூட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஐயோ பாவம். எந்த கிளாஸ்?"

குனிந்து பார்த்தேன். யாழினி. கால் விரலில் எம்பி எம்பி, தொலைந்துபோன பெண்ணைப் பற்றி நிஜமாகவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது நான் போட்ட சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. "மிஸ்ஸு! கீது! கொயந்த இங்க கீது!"

கூட்டம் விலகியது. மிஸ் இன்னும் அந்தத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் வந்து நின்றதோ அவர் முதுகுப் பக்கம்.

"எந்தப் பக்கமாடி வந்தே?"

"யானையப் பாத்துட்டுத் திரும்பினா யாரையும் காணோம். நீங்க சொன்ன மாதிரிதான் வந்தேன் மிஸ். கோபுரம் சாப்பிடற கைப் பக்கம்." யாழினி கையைத் தூக்கிக் காட்டினாள். இடது கை.

"அடிப்பாவி, நொட்டாங்கையிலயா துன்ற!" என்று பூக்காரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "உங்கம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாளா?"

"உன் கை, நீ சாப்பிடுன்னு சொன்னாங்க."

அவ்வளவு நேரம் கம்பமாக நின்ற மிஸ், அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். யாழினியின் இடது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"தப்பு என்னுதுதான். எல்லாரையும் என் கையை வெச்சு நெனச்சுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "ஆனா பாத்தியோ, எந்தப் பக்கம் சுத்தினாலும் இதே மூலைக்குத்தான் வந்தே" என்றார்.

திட்டித் தீர்த்த பூக்காரம்மாவே ஒரு முழம் மல்லியை மிஸ் தலையில் செருகினார்.

புகார் போகாமல் இருக்குமா? யாழினியின் அம்மா வந்து, "எம் பொண்ணு அவங்க சொன்னபடிதான் வந்து சேந்தா" என்று வாதாடியதால் வகுப்பு தப்பியது. வெளியே கூட்டிப்போவது மட்டும் கூடாது என்றானது. மறுநாளே மிஸ் விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் நான்கு மாட வீதியும் போட்டுவிட்டார். கோபுரம் இல்லை. "ஏழுமலை, நடுவில நில்லுங்கோ." யாராவது பார்த்தாலே வியர்க்கிறவன் நான். மொத்த வகுப்பும் என்னைப் பார்த்துக்கொண்டே சுற்றியது, பாதிப் பிள்ளைகள் வலம், பாதிப் பிள்ளைகள் இடம்.

இந்தக் கோடை விடுமுறையில் மிஸ் ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு வெளியூர் போய்விட்டார். மைதானத்துக் கோடுகள் மழையில் கரைந்துவிட்டன.

சாயங்காலம் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டபின், சில நாள் அந்த மூலையில் வேனை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நிற்பேன். "இன்னா நைனா, ஆருக்கு நிக்கிற?" என்று பூக்காரம்மா கேட்பார். சும்மாத்தான் என்பேன். சொல்லிவிட்டு, தெருவின் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

புரட்டாசி, மாட வீதியில் பொம்மைக் கடை போட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை.