சுவருக்கு வெளியே கல்வி

வெக்கைநாட்டில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது; மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு. பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன கருவேலம்பட்டி ஜனங்கள், ஊர்ப் புளியமரத்தடியிலேயே பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டார்கள். காலையில் வடிவு டீச்சர் மரத்துக்கு மேற்கே பாடம் நடத்துவார். பொழுது சாய்ந்து நிழல் கிழக்கே போனால் வகுப்பும் கூடவே எழுந்து போகும். தாழ்ந்த கிளைகளில் தூளிகள் தொங்கும். கூலிக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தையை மூத்த மகளிடம் விட்டுப் போவதுதான் அந்த ஊர் வழக்கம். சீனித்தாய் தம்பியைத் தூளியில் போட்டு, கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே வாய்ப்பாடு சொல்வாள். அந்தக் கிளைகள் இருந்ததால்தான் அவளைப் போன்ற பெண்கள் எழுத்தைக் கண்டார்கள் என்பது டீச்சருக்குத் தெரியும்.

இப்படியிருக்க, மாமன்னர் பனிநாட்டுக்கு விருந்து போனார். தலைமுறை தலைமுறையாகச் சுவருக்குள் அடைந்து படித்த பிள்ளைகளை அங்கே புதிதாக வெளியே அழைத்துவந்து மரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். மன்னர் சொக்கிப்போனார். வந்த கையோடு ‘சுவருக்கு வெளியே கல்வி’ என்று திட்டம் அறிவித்தார். அதை மண்ணுக்கேற்ப மாற்றி நிறைவேற்ற வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு வேறு.

கல்வி மந்திரி சர்வபூஷணம் கொம்பு, குடை, பரிவாரத்தோடு கருவேலம்பட்டிக்கு வந்து இறங்கினார்.

“சுவர் எங்கேம்மா?”

“சுவர் கிடையாதுங்கய்யா. நாங்கதான் ஏற்கெனவே வெளிய இருக்கோமே” என்றார் டீச்சர்.

“உங்களுது வறுமை. எங்களுது புதுமை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. வெளியே வரணும்னா முதல்ல உள்ளே இருந்தாகணும்.”

ஊரில் புறம்போக்கு என்று இருந்தது அந்தப் புளியமரத்தடி ஒன்றுதான். ஆகவே புளியமரம் வெட்டப்பட்டது. நான்கு சுவர்கள் எழும்பின. திட்டத்தின் பெயரில் சுவர்தான் இருக்கிறது, கூரை இல்லை என்று மந்திரி விளக்கியதால் கூரை போடவில்லை. தினமும் பிள்ளைகளை உள்ளே அடைத்து, மணியடித்து வெளியே விட வேண்டும். பனிநாட்டில் வெளியே வரும்போது கம்பளிக் குல்லா அணிவார்களாம். இங்கும் அணிய வேண்டும். மண்ணுக்கேற்ற மாற்றமாக, குல்லாவில் மன்னரின் படம் பின்னப்பட்டிருந்தது. சில பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். பனிநாட்டில் ஒருவரும் விழவில்லையே என்று ஆராய்ந்த அதிகாரிகள், பயிற்சி போதவில்லை எனக் கண்டு, வெயிலில் நிற்கும் நேரத்தைக் கூட்டினார்கள்.

தூளி கட்ட இடமில்லாமல் சீனித்தாய் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். டீச்சர் குழந்தையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். மறுநாள் இன்னும் நாலைந்து அக்காமார்கள் குழந்தையை நீட்டினார்கள். அவருக்கு இருந்ததோ ஒரு மடி.

பிறகு சீனித்தாய் வரவில்லை. டீச்சர் வீடு தேடிப் போனார்.

“வேகாத வெயில்ல கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு என்னத்தப் படிக்கச் சொல்றீக டீச்சர்?” என்றாள் அவள் அம்மா. “அவ வீட்டுலயே கெடக்கட்டும்.”

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சீனித்தாய் தலையை நிமிர்த்தவே இல்லை. டீச்சர் திரும்பும் வழியெல்லாம் அழுதார்.

ஒவ்வொருவராக எல்லாப் பிள்ளைகளும் நின்றுபோனார்கள். இனியாவது கண் திறக்கட்டும் என்று டீச்சர் அரண்மனைக்குச் சேதி அனுப்பினார். மந்திரி அலறியடித்துக்கொண்டு வந்து, நான்கு சுவருக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஒருத்தர்கூட உள்ளே இல்லையா?”

“இல்லீங்கய்யா. ஆடு மேய்க்குதுக, செங்கல் சுமக்குதுக. பொம்பளப் பிள்ளைக அடுப்படியில கெடக்குதுக. எல்லாம் போச்சுங்கய்யா.”

மந்திரியின் கண்கள் கலங்கின.

“பனிநாட்டாலேயே முடியாத சாதனைம்மா இது! அவங்க பிள்ளைங்க கொஞ்ச நேரம் வெளியே இருந்துட்டு மறுபடி உள்ளே போயிடுறாங்க. நம்ம பிள்ளைங்க ஒருத்தர்கூடத் திரும்பலையே!”

டீச்சர் வாயைத் திறந்தார். அதற்குள் கொம்பு ஊதிவிட்டார்கள். கைதட்டலுக்கு நடுவே பொன்னாடை அவர் தோளில் விழுந்தது. மந்திரி குனிந்து, அன்போடு சொன்னார்:

“பக்கத்து ஊர் மேலத்தோப்புல இன்னும் பிள்ளைங்க மரத்தடியில உட்கார்ந்து படிக்கிறாங்களாம். கோடாலிக்காரங்க காலையிலேயே கிளம்பிட்டாங்க. திங்கட்கிழமை நீங்க போய்ப் பொறுப்பேத்துக்குங்க.”