மாப்பிள்ளை நிம்மதியாக இருக்கிறார், உடனே ஏதாவது செய்யவும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மகனுக்குப் பெண் கொடுத்த பாக்கியத்தை நாள்தோறும் நினைத்து மகிழும் அடியேன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் தேவலையா? இங்கே எல்லோரும் நலம். அளவுக்கு மிஞ்சிய நலம். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டில் இப்போது நிலவும் நிசப்தத்தில் நான் குளியலறைக்குள் போய்க் கிசுகிசுத்தாலும் கூடத்தில் மாப்பிள்ளைக்குக் கேட்கிறது. பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளையைப் பற்றி வாய் திறக்கலாமா? திறக்க மாட்டேன். இதை நான் குறையாகச் சொல்வதாகத் தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மாப்பிள்ளை கம்பெனி வேலையை உதறிவிட்டு, மன அழுத்தம் இல்லாமல் நிதானமாக வாழ்வது எப்படி என்று வகுப்பு எடுக்கப்போவதாகச் சொன்னபோது தாங்கள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. நான் பேசினேன். "நல்ல காரியம் மாப்பிள்ளை" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? மறுநாளே கூடத்து சோபா போயிற்று. அதன் பின்னாலேயே என் சாய்வு நாற்காலியும் போயிற்று. இனி எல்லோரும் பாயில்தான் உட்கார வேண்டுமாம். உட்கார்ந்துவிடலாம் சம்பந்தி, எழுந்திருக்கத்தான் மகள் ஒரு கையும் சுவர் ஒரு கையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. சாப்பிடும்போது பேசக் கூடாது, ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு முறை மெல்ல வேண்டும், பல்லுக்கு ஒன்று கணக்கு என்றார். என் வாயில் மிச்சமிருப்பவை ஐந்து என்பதை அவரிடம் எப்படிச் சொல்ல? நேற்றுக் காலையில், "செய்யற வேலையிலேயே முழுக் கவனமும் இருக்கணும்" என்று பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதன் முன்னால் நின்றார். பால் ஏறியது. பார்த்தார். பொங்கியது. பார்த்தார். அடுப்பு அணைந்து, மேடை நனைந்து, பால் வழிந்து கால் கட்டைவிரலைச் சுட்ட பிறகுதான் "ஐயோ" என்றார். என் மகள் ஓடிவந்து, "பார்த்துட்டுத்தானே நிக்கறீங்க, அணைக்கக் கூடாதா?" என்று கேட்டாள். "குறுக்கிடாம கவனிக்கணும். அதுதான் பயிற்சி" என்றார். "அப்ப துடைக்கறதும் பயிற்சிதான்" என்று அவர் கையில் துணியைத் திணித்தாள்.

பழைய உத்தியோகப் பழக்கமோ லேசில் போவதாக இல்லை. இந்த இடத்தில் எனக்கு ஒரு பழமொழி நினைவுக்கு வருகிறது. அதில் வால் வரும், பேச்சு மாப்பிள்ளையைப் பற்றியது என்பதால் எழுதாமல் விடுகிறேன். திங்கட்கிழமை தோறும் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, "மாமா, போன வாரம் உங்க மன அமைதி எழுபது சதவீதம். இந்த வாரம் அறுபதுக்கு இறங்கியிருக்கு. என்ன காரணம்? எப்ப சரி பண்ணுவீங்க?" என்று கேட்கிறார். காரணமே எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டால் நான் எதைச் சொல்ல? "அடுத்த வாரம் பிடிச்சிடலாம் மாப்பிள்ளை" என்று சொல்லிவைத்தேன்.

இந்த வகுப்புக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். வந்துவிட்டார்கள். அத்தனை பேரும் ஆபீஸில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள்தான். கணக்கர், வரவேற்பு மேசைப் பெண், எதற்கெடுத்தாலும் "ஆமாம் சார்" என்று தலையாட்டி ஆமாஞ்சார் என்றே பெயர் வாங்கிவிட்ட ஒரு மனிதர், இன்னும் சிலர். சனி, ஞாயிறு மூன்று மணிக்கு டாணென்று வந்துவிடுகிறார்கள். அந்த விசுவாசத்தைப் பார்த்து மாப்பிள்ளைக்குக் கண்ணே கலங்கிவிட்டது. முதல் வகுப்பில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் நான் வழக்கம்போலப் பகல் தூக்கத்தில் இருந்திருக்கிறேன். என் குறட்டையையும் பாடத்தில் சேர்த்தி என்று நினைத்து அவர்கள் அதற்கேற்ப மூச்சை இழுத்து விட்டிருக்கிறார்கள். ஆமாஞ்சார் அப்படியே சாய்ந்து தூங்கியேவிட்டார். அன்று மாலை மாப்பிள்ளை என்னிடம், "மாமா, உங்க குறட்டைதான் வகுப்புக்கே உயிர். இனிமே சரியா மூணு மணிக்கு ஆரம்பிச்சிடுங்க" என்றார். போச்சு! வேலையில் இருந்த காலத்தில் மேலதிகாரி எதிரிலேயே தூங்கியவன் நான். இப்போது இரண்டரைக்கே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன். போன ஞாயிறு தூக்கம் வராமல், கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டே குறட்டை விட்டேன். "இன்னிக்கு நடுவுல கொஞ்சம் அவசரம் தெரிஞ்சுது மாமா" என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழைய கம்பெனியின் பெரிய அதிகாரி போன் செய்தார். மாப்பிள்ளையின் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். இந்த மாதக் கடைசிக்குள் வருகிறேன் என்று சொன்னால் அவருக்கே, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. மாப்பிள்ளை போனை வைத்துவிட்டு, "அப்பா என்ன சொல்றாரோ, அதுதான்" என்றார். சம்பந்தி, நிம்மதியை உலையில் போட்டால் வேகுமா? என் மகளின் நாளைய பிழைப்புக்கு என்ன வழி? கடிதம் கிடைத்த கையோடு அவருக்குப் போன் போட்டு, "மரியாதையா வேலைக்குப் போடா" என்று ஒரு அதட்டு அதட்டவும். அந்த "டா" போடும் உரிமை எனக்கில்லை.

தங்கள் இல்லத்தில் எல்லா நன்மையும் பெருகட்டும், சம்பந்தியம்மா மாடிப்படியை ஓடி ஏறட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் சொல்லையே மலையாக நம்பியிருக்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வகுப்புக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி விஷயத்தை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வரவேற்பு மேசைப் பெண் "ஐயையோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கணக்கர் மாப்பிள்ளை காதில் விழாதபடி என்னைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய், "ஐயா, சார் தங்கமான மனுஷன். ஆனா பாயில உக்காந்தாத்தான் தங்கம். அந்த நாற்காலியில உக்காந்தா தேள். நாங்க என்ன, மன அமைதி கத்துக்கவா வர்றோம்? வகுப்புக்கு ஆள் இல்லைன்னா அவர் ஆபீஸுக்குத் திரும்பி வந்துடுவாரேன்னுதான் வர்றோம். அவர் அங்க இல்லைங்கறதுதான் எங்களுக்கு மன அமைதி" என்றார். ஆமாஞ்சார் பிறந்ததிலிருந்து முதல்முறையாக, "வேண்டாங்க ஐயா" என்றார்.

எனக்கு உறைத்தது. அந்த நாற்காலியில் இருந்தவரை மாப்பிள்ளை என் மகளோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. நேற்று இருவரும் தரையில் மண்டியிட்டுப் பாலைத் துடைத்துக்கொண்டே அப்படிச் சிரித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. அதைப் போய்க் குறையாக எழுதியிருக்கிறேன், மடையன்!

ஆகவே, சம்பந்தியம்மாவின் முழங்காலைத் தவிர மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிடவும். "போகாதேடா" என்று சொல்லவும். கணக்கர் சொன்னது மட்டும் மாப்பிள்ளை காதுக்குப் போக வேண்டாம். வேறு கடிதம் எழுத நேரமில்லை. மணி மூன்றாகிவிட்டது, உள்ளே எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருக்கிறார்கள். நான் போய்த் தூங்க வேண்டும்.