படத்தில் மூடிய குழி

மூலனூர் சம்பந்தி நல்லான் அவர்களுக்கு முதலிபாளையத்திலிருந்து செல்வக்குமார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் கோமளாவும் பையனும், மாசமாக இருக்கும் உங்கள் மகள் தேஜஸ்ரீயும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் முருங்கைக்காய் விலையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கட்டுச்சோறு கொண்டுவந்து மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போவதாகப் பேச்சு. விசேஷத்தை வீட்டில் வேண்டாம், மண்டபத்தில் வைத்துக்கொள்வோம் என்று நான் சொன்னதற்கு, "வாசல்ல குழின்னு பொய் சொல்லி எங்களைப் படியேத்த மாட்டீங்களாக்கும்?" என்று போனில் கேட்டுவிட்டீர்கள். மனசு நொந்துபோய்விட்டது. குழி நிஜம். நீங்கள் ஆப்பில் பார்த்த படம்தான் பொய்.

அரசாங்கமும் ஒரு தனியார் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து 'உடனே தீர்வு' என்று ஒரு ஆப் விட்டிருக்கிறார்கள். சாக்கடைக் குழாய்க்காக எங்கள் வாசலில் ஆளுயரக் குழி தோண்டியவர்கள் திரும்பி வரவில்லை. குறுக்கே ஒரு பலகை போட்டு நடக்கிறோம், தேஜஸ்ரீ அதில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. ஆப்பில் புகார் போட்டேன். டீ ஆறுவதற்குள் 'தீர்க்கப்பட்டது' என்று பதில், கூடவே எல்லோரும் பார்க்கும்படி படம். எங்கள் வாசலேதான், குழியை மூடித் தார் போட்டு, நடுவில் நான் வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். நான் நிற்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. காலமெல்லாம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்த கண் சும்மா இருக்குமா, சட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கேயும் தையலே இல்லை.

அரசாங்க ஆபீசில் கேட்டால், "படம் கம்பெனி சமாச்சாரமுங்க" என்கிறார்கள். கம்பெனியில் கேட்டால், "குழி ஆபீஸ் சமாச்சாரமுங்க" என்கிறார்கள். மறுபடி புகார் போட்டேன். படத்தில் வீட்டுக்குப் பச்சைப் பெயின்ட் ஏறிவிட்டது. இன்னொன்று போட்டேன், புது கேட்டு வந்துவிட்டது. கோமளாவுக்கு இப்போது அந்த வீடுதான் பிடிக்கிறது. "அந்த மனுசன் எத்தனை சிரிச்ச மூஞ்சியா இருக்கறாரு, நீங்களும் இருக்கறீங்களே" என்கிறாள். அதையாவது பொறுத்துக்கலாமுங்க. நேத்து பால்காரர் சின்னான் வந்து, "காலையில வெள்ளைச் சட்டையில கேட்டுப் பக்கத்துல நின்னீங்க, கூப்பிட்டேன், சிரிச்சீங்களே தவிர பேசலீங்களே?"ங்கறாரு. சம்பந்தி, எங்க ஊட்டுக்குக் கேட்டே கிடையாதுங்க! அது நானில்லீங்கன்னு சொன்னேன். என் மூஞ்சியையே பார்த்துட்டு, பாலை ஊத்தாமயே போயிட்டாரு. எனக்கு நெசமாவே பயமா இருக்குதுங்க.

அதனால் மண்டபத்துக்கே வந்துவிடுங்கள். சோற்றுப் பாத்திரத்தோடு அத்தனை சனமும் அந்தப் பலகையில் ஏற முடியுமா? பிள்ளையை நானே கைப்பிடித்துப் பத்திரமாகக் கூட்டிவருகிறேன். அவள் எனக்கும் மகள்தான்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
நிஜமான செல்வக்குமார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது போன் சத்தம் கொடுத்தது. இன்றைக்குப் போட்ட புகாரும் தீர்ந்துவிட்டதாம். இந்தப் படத்தில் ஞாயிற்றுக்கிழமை விசேஷமே நடக்கிறது. பந்தல் போட்டிருக்கிறது. தேஜஸ்ரீக்கண்ணு, கை நிறைய வளையலோடு சிரிக்கிறாள். பக்கத்தில் நீங்கள், சம்பந்தியம்மா, பையன், கோமளா. என்னை மட்டும் காணோம். கோமளாவிடம் காட்டினேன். "நீங்கதான் போட்டோ எடுத்துட்டு இருப்பீங்க" என்றாள். அப்படித்தான் இருக்க வேண்டும். இப்போது வாசலில் நிஜமாகவே மண் லாரி வந்து நிற்கிறது. பலகையை எடுத்தாகிவிட்டது, கையெழுத்துப் போட வெளியே வாங்க என்று கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்க்கிறேன். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு வீட்டுக்கே வாருங்கள், சம்பந்தி. படத்தில் பிள்ளை அத்தனை சந்தோஷமாக இருக்கிறாள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.